ஐந்தாம் முடிச்சு

கோரைமுனையில் முதல் நூல் தென்பட்டது மாசி மாதத்தில், மீன் ஏலம் முடிந்து கடற்கரை காலியாகிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில். ரீத்தாளின் கருவாட்டுக் கூடையிலிருந்து கிளம்பி, ஐஸ் கம்பெனிக் கூரையைத் தாண்டி, மாதா கோயில் கொடிமரத்தை உரசாமல் விலகி, ஊருக்குத் தெற்கே உப்பளத்தில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தில் போய் அது முடிந்தது. வலை நரம்பைவிட மெல்லிய நூல். வெயில் படும்போது மட்டும் வெள்ளையாக மின்னியது, அரிவாளை ஓங்கினால் அரிவாள்தான் விலகிப்போனது. ரீத்தாள் அதை விரலால் சுண்டிப் பார்த்து, "எவனோ நல்லா இழுத்துத்தான் கட்டியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஈரச் சேலையை அதில் காயப்போட்டாள். கோரைமுனை ஆட்கள் அப்படித்தான். வானத்திலிருந்து ஏணி இறங்கினாலும் அதில் வலை உலர்த்த இடமிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

நூல் எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் கிளை நூலகத்தின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கருவாட்டையும் உப்பையும் ஒரு முடிச்சால் இணைக்கலாம் என்று கரைக் குழு முடிவு செய்திருந்தது. குழு என்றால் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்த குழு. கோரைமுனை வடக்குப் பார்த்த கரை. கடல் தாண்டி எதிரே இருப்பது இலங்கையின் பூவரசந்துறை. இரண்டு கரையும் மீனையும் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருந்ததை எல்லாம் தனித்தனியாக இணையத்தில் ஏற்றியிருந்தன. ஆனால் ஒரு கரையின் சேமிப்பு மறு கரையின் சேமிப்போடு பேசவில்லை, பேசப் பொதுவான முறை இல்லை. அதற்காகத்தான் இந்தக் குழு. எந்தப் பொருள் எந்தப் பொருளுக்குள் அடங்கும், எது எதன் பக்கத்தில் நிற்கும், இங்கே உள்ள எது அங்கே உள்ள எதுவாகும் என்று சொல்வதற்கு எல்லாருக்கும் ஒரே மாதிரியான வரைமுறையை எழுதுவது, பிறகு உலகத்தில் எந்தக் கரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விடுவது. மதுரையிலிருந்து பேராசிரியர் உலகநாதன் தலைமை. பூவரசந்துறைக்கு அங்குள்ள நூலகர் மங்களேஸ்வரி. கோரைமுனைக்கு நூலகர் வியாகுலமேரி, ஊருக்கு வியாகுலம்.

அவர்கள் முடிச்சுகளை நான்காக வகுத்திருந்தார்கள். மேல் என்றால் ஒன்று இன்னொன்றின் பெரிய வகை. கீழ் என்றால் அதன் உள்வகை. பக்கம் என்றால் இரண்டும் வேறு, ஆனால் ஒன்றைத் தேடுகிறவனுக்கு மற்றதும் வேண்டியிருக்கும். நான்காவது ஒன்றே. இந்தக் கரைப் பொருளும் அந்தக் கரைப் பொருளும் ஒன்றேதான் என்று இரண்டு கரையும் வாய்விட்டுச் சொன்னால் அந்த முடிச்சு விழும். குழு ஒவ்வொரு முடிச்சாகப் போடப்போட, ஊரில் ஒவ்வொரு நூலாக வந்தது.

சித்திரைக்குள் ஊர் நூலுக்குப் பழகிவிட்டது. டவுன் பஸ் டிரைவர் கடைத்தெரு வளைவில் தலையைக் குனிந்துகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார். அவர் குனிந்ததைப் பார்த்துப் பயணிகளும் குனிந்தார்கள், நூல் பஸ்ஸுக்கு மேலே போனது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும். மின்வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்து, இதில் கரண்ட் இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பு இல்லை என்று சந்தோஷமாகத் திரும்பிப்போனார்கள். மாதா சப்பரம் சுற்றிவரும்போது மின்கம்பியைத் தூக்கிவிடக் கவைக்கம்போடு நடக்கிற ஆட்கள், அந்த வருஷம் கூடுதலாக நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நூல்களையும் தூக்கிவிட்டார்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நடுவே பக்க முடிச்சு ஏதாவது ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். ஓடினால் ஜாதகம் பார்க்காத வேதக்காரக் கிறிஸ்தவர்கள்கூட மனசுக்குள் திருப்திப்பட்டார்கள். மேல் நூல்கள் எல்லாம் கூடிக்கூடி உயரத்தில் போய் எங்கே முடிகின்றன என்று கொஞ்ச நாள் பார்த்தார்கள், கழுத்து வலித்தது, விட்டுவிட்டார்கள்.

ஒன்றே நூல்தான் வேறு மாதிரி. அது கடலைத் தாண்டிப் போகும், போனதும் இரண்டு முனையும் இரண்டாக இருப்பதை மறந்துவிடும். இங்கத்து இறாலும் அங்கத்து றாலும் ஒன்றே என்று முடிச்சுப் போட்ட நாளிலிருந்து, பூவரசந்துறையில் யாராவது றால் குழம்பைத் தாளித்தால் கோரைமுனைக் கிழக்குத் தெருவில் வாசம் தூக்கியது, இங்கே மீன்பாடு நன்றாக இருந்தால் அங்கேயும் கூடை நிறைந்தது. அதில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வைகாசியில் குழு ஒரு தப்பு செய்தது. இந்தக் கரையில் அந்தப் பருவத்தில் வீசுவது கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும். அதே பருவத்தில் அந்தக் கரையில் வீசுவது சோளகம், தெற்கிலிருந்து வரும். ஒரே பருவம், ஒரே சூடு, ஒரே மாதிரி உதட்டை வெடிக்கவைக்கிற காற்று, ஒன்றே என்று போட்டுவிடலாம் என்றார்கள். போட்டார்கள். மறுநாள் கச்சான் தெற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. வடக்குப் பார்த்த கரைக்குத் தெற்குக் காற்று என்றால் பாய் விரித்த வள்ளம் எதுவும் கரைக்குத் திரும்ப முடியாது. கரையைப் பார்த்தபடியே கடலுக்குள் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்கள். ஆண்கள் பாயைச் சுருட்டி, துடுப்புப் போட்டு, கை தோலுரிந்து ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள். அதற்குள் வியாகுலமும் மங்களேஸ்வரியும் ஒரே மூச்சில் "இல்லை" என்று சொல்ல, நூல் அறுந்து கடலில் விழுந்து, காற்று தன் பழைய திசைக்குத் திரும்பியது.

அன்றைக்கே மங்களேஸ்வரி சொன்னாள். "நான் முதலே சொன்னனான். ஒன்றே எண்டதுக்கும் ஒண்டுமில்லை எண்டதுக்கும் நடுவில ஒரு முடிச்சு வேணும். போலும் எண்டு ஒண்டு. இது அதுபோல இருக்குது, ஆனா அதுதான் எண்டு சத்தியம் பண்ண ஏலாது எண்டு சொல்ல."

"அக்கா, முடிச்சுல தப்பு இல்ல. போட்டதுலதான் தப்பு" என்றாள் வியாகுலம். குரல் கொஞ்சம் அதிகமாகவே கடுத்தது.

முதல் வருஷ வரைவில் போலும் இருந்தது. அதை அடித்தது வியாகுலம்தான். ஒரு பொருள் ஒன்றாக இருக்கவேண்டும், அல்லது இல்லாமல் இருக்கவேண்டும், நடுவில் தொங்குவதை எல்லாம் வரைமுறை என்று எழுதினால் நாளைக்கு எவனும் எதையும் முடிவு செய்யமாட்டான் என்று அவள் வாதாடினாள். பேராசிரியருக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் ஏன் அப்படி வாதாடினாள் என்பது கோரைமுனையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், மதுரையில் தெரியாது.

அவள் கணவன் கஸ்பார் ஒரு கார்த்திகைப் புயலில் போனவன். ஒற்றை ஆளாக, சின்ன வள்ளத்தில், போட்ட வலையை எடுத்துவந்துவிடுகிறேன் என்று போனான். வள்ளத்தின் பலகை ஒன்றுகூட வரவில்லை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஆறுதல். எங்காவது கரை ஒதுங்கியிருக்கலாம், எவனாவது காப்பாற்றியிருக்கலாம், ஜெயிலில் இருக்கலாம், நினைவு தப்பியிருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கேட்டு அந்தச் சொல்லின் மேலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு. அவள் ஒரு தடவைகூட அழுததில்லை. அழுதால் அவன் செத்துவிட்டதாகத் தானே முடிவு கட்டியதாகிவிடும். அழாமல் இருந்தால் உயிரோடு இருப்பதாக நம்புகிறாள் என்றும் ஆகிவிடும். அவள் இரண்டும் இல்லை. வாயை இறுக்கி வைத்துக்கொண்டு, நூலகத்தைத் திறப்பாள், மூடுவாள்.

ஊர் வழக்கம் வேறு அவளை விடவில்லை. கோரைமுனையில் கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு ஆளுக்கும் பங்கு பிரிக்கும் முன்னால் வீட்டுச் சமையலுக்கு என்று ஒரு மீன் கொடுப்பார்கள், கறிமீன் என்று பெயர். கடலில் காணாமல் போனவனுக்கும் கறிமீன் உண்டு, அவன் பெயரில் சாவுப் பூசை வைக்கும்வரை. கஸ்பாருக்குப் பூசை வைக்கவில்லை. எதை வைத்து வைப்பது. ஆகவே அவனோடு சேர்ந்து தொழில் செய்த இன்னாசி, கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும், வாசலில் வந்து நின்று, "கஸ்பாரு மீனு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவான். கஸ்பாரின் தாய் சவேரியம்மாள் அதை வாங்கி, கீறி, உப்புத் தடவி, உலர்த்தி, கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிடுவாள். மகன் வந்து தின்பான் என்று. யாரும் அதைத் தொடக்கூடாது. வீடு முழுக்கக் கருவாடு. வியாகுலத்தின் சேலையில், தலைமுடியில், அவள் நூலகத்தில் எடுத்துக்கொடுக்கும் புத்தகத்தில்கூட அந்த வாசம் இருந்தது. வாசகர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஆவணியில் குழு கரை ஒதுங்கியவற்றுக்கு வந்தது. கடல் கொண்டுவந்து போட்டவை எல்லாம் அதில் அடங்கும்: மரம், மிதவை, வலை, வள்ளம், ஆள். மங்களேஸ்வரி தன் கரையின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள், கடைசியாகப் பூவரச மரத்தடியில் பெயர் தெரியாமல் புதைத்த ஒரு கல்லறையையும் சேர்த்தாள். சேர்த்துவிட்டு அதற்கு எதிரே ஒன்றே முடிச்சில் கஸ்பாரின் பெயரைப் போட்டாள், தன் கரையின் சம்மதத்தையும் சொன்னாள். அன்று மத்தியானம் கடலுக்கு மேலே ஒரு நூல் வந்தது. ஒரு கரை சொல்லி மறு கரை சொல்லாத முடிச்சுக்கு அரை நூல்தான் வரும். அது ஊருக்குள் நுழைந்து, யார் வீட்டின் மேலும் நிற்காமல், நேரே வியாகுலத்தின் முற்றத்துக்கு வந்து, சுவரில் சாத்தியிருந்த கஸ்பாரின் துடுப்புக்கு ஒரு முழம் எட்டத்தில் நின்றது. முனை காற்றில் ஆடியது. தொடவில்லை.

தெருவே கூடிவிட்டது. ஆனால் யாரும் அதில் துணி காயப்போடவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சவேரியம்மாள் உள்ளேயிருந்து மீன் கீறுகிற அரிவாளோடு வந்தாள்.

"யாரு கட்டச் சொன்னது இத?"

"யாரும் இன்னும் கட்டல மாமி. நான் சொன்னாத்தான் கட்டும்."

"நீ சொல்லிப்போடாத. சொன்ன, ஒன்னைய இந்த வீட்டுக்குள்ள விடமாட்டேன். எம்மகன் என்ன கல்லறையா?" என்று சொல்லி அரிவாளால் நூலை ஓங்கி வெட்டினாள். அரிவாள் விலகிப்போனது. மறுபடி வெட்டினாள். கை ஓய்ந்து, துடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வியாகுலம் அவள் கையிலிருந்து அரிவாளை மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் புரட்டாசிவரை அந்த அரை நூல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. மாதா கோயில் பங்குச்சாமி வந்து பார்த்துவிட்டு, கட்டுவதானால் கல்லறைத் திருநாளுக்கே பூசை வைத்துவிடலாம் மகளே என்றார். இன்னாசி மீனோடு வந்து நிற்கும்போது நூலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே "கஸ்பாரு மீனு" என்றான். வியாகுலத்துக்குள் ஒரு பக்கம் கட்டிவிடத்தான் துடித்தது. புயல் அடித்த வாரமும் அந்தக் கல்லறை தோண்டிய வாரமும் ஒத்துப்போயின. வயது ஒத்துப்போனது. வேறு எதுவும் ஒத்துப்போகவும் இல்லை, ஒத்துப்போகாமலும் இல்லை, முகம் இருந்தால்தானே. கட்டிவிட்டால் முடிந்தது, அழலாம், துக்கத்துக்குக் கறுப்புச் சேலை கட்டலாம், அப்புறம் என்றைக்காவது கழற்றலாம். இவ்வளவு வருஷமாக அவள் கேட்டது ஒரே ஒரு முடிவுதான், அது முற்றத்தில் ஒரு முழத்தில் வந்து நிற்கிறது. கையை நீட்டாமல் இருந்தால் அதுவும் போய்விடும். ஏனென்றால் புரட்டாசி கடைசியில் வரைமுறை முடிகிறது. அதற்குள் கட்டாத அரை நூல் எல்லாம் உதிர்ந்துவிடும் என்பது குழுவின் விதி.

கடைசிக் கூட்டம் ஒரு பிற்பகலில் நடந்தது. திரையில் பேராசிரியர் ஒரு கட்டத்திலும் மங்களேஸ்வரி ஒரு கட்டத்திலும் இருந்தார்கள். மங்களேஸ்வரிக்குப் பின்னால் அவள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய ஆண்கள் சைக்கிள் சாத்தியிருந்தது. வெயில் நேரம்தான், ஆனால் சைக்கிளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பேராசிரியர் எல்லா முடிச்சுகளையும் வாசித்து முடித்துவிட்டு, "கல்லறை ஒன்று பாக்கியிருக்கும்மா வியாகுலம். நீங்க சொன்னா சரி. சொல்லலேன்னாலும் சரி. ஆனா இன்னிக்குச் சொல்லணும்" என்றார், இதமாகத்தான்.

வியாகுலம் வாயைத் திறந்தாள். ஆனால் வேறு கேள்விதான் வந்தது. "அக்கா, அந்த சைக்கிள் ஏன் நனைஞ்சிருக்கு? அங்க மழையா?"

மங்களேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "இஞ்ச மழை இல்லை. அங்க, பூவரசடியில பெய்யுது போல" என்றாள்.

பிறகு அவள் சொன்னாள். அது தம்பியின் சைக்கிள். ஒரு காலையில் மாவு அரைக்கப் போன தம்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் ரோட்டோரத்தில் கிடந்தது. எத்தனையோ இடத்தில் விசாரித்தாள், எத்தனையோ வரிசையில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. அப்படி இருக்கும்போதுதான் பூவரசடியில் பெயர் தெரியாத ஆளைப் புதைத்தார்கள். யாரும் வராத கல்லறை. அவள் போய் விளக்கு வைக்க ஆரம்பித்தாள், வைத்துக்கொண்டே இருந்தாள். முடிச்சுகள் போடத் தொடங்கியபோது, இரண்டு முனையும் தன் கரையிலேயே இருந்ததால் யாரையும் கேட்கவேண்டி வரவில்லை. அந்தக் கல்லறையும் தம்பியும் ஒன்றே என்று அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். நூல் சைக்கிளில் போய் முடிந்தது. அன்றிலிருந்து கல்லறையில் மழை பெய்தால் வீட்டில் சைக்கிள் நனைகிறது, கல்லறையில் பூ வைத்தால் சைக்கிள் சீட்டில் மகரந்தம் கிடக்கிறது.

"அது அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. அவன் காணாமல்போனது தரையில. கடல் அவனைக் கொண்டுவர ஞாயமில்லை. போலும் எண்டொரு முடிச்சு இருந்திருந்தா அதைத்தான் போட்டிருப்பன். அது இல்லை. இருந்ததைப் போட்டன்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்கள் ஒன்றே எண்டு சொல்லுங்கோ. நான் என்ர முடிச்சை அவிழ்த்துவிடுறன். ரெண்டையும் வைக்க ஏலாது. ஒன்றே எண்டது சங்கிலி. கல்லறை உங்கட மனிசன் எண்டால், கல்லறை என்ர தம்பியும் எண்டால், பிறகு உங்கட மனிசனும் என்ர தம்பியும் ஒரே ஆளாப் போயிடுவினம். அது ரெண்டு பேருக்கும் பாவம். உங்களுக்குத்தான் கூட ஞாயம் இருக்கு. எடுங்கோ."

போலும் முடிச்சை அடித்த கை தன் கைதான் என்பது வியாகுலத்துக்கு நினைவிருந்தது. மங்களேஸ்வரிக்கும் நினைவிருந்திருக்கும், அவள் அதைச் சொல்லவில்லை. இருக்கலாம் என்ற சொல்லைத் தான் எவ்வளவு வெறுத்தாளோ அவ்வளவு இன்னொருத்தி அதற்கு ஏங்கியிருக்கிறாள் என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஒரு முடிவு வேண்டும் என்று இத்தனை வருஷம் கிடந்து தவித்தவள்தான். அது இப்போது வருகிறது, இன்னொருத்தியின் விளக்கை எடுத்துக்கொண்டு வருகிறது. அவளால் கை நீட்ட முடியவில்லை.

"ஐயா, ஐந்தாவது முடிச்சை மறுபடி சேக்கணும்" என்றாள்.

பேராசிரியர் தலையைத் தூக்கினார். "நீங்கதானம்மா வேணாம்னீங்க."

"நான்தான்யா. தப்பாச் சொல்லிட்டேன்."

"தப்பில்லம்மா, நீங்க சொன்ன காரணம் சரி. போலும்னு ஒண்ணு வச்சா எல்லாரும் அதையே போட்டுட்டுப் போயிடுவாங்க. எவனும் எதையும் தீர்மானிக்க மாட்டான். அப்புறம் இந்த வரைமுறையை நம்பி யாரு என்னத்தத் தேடுவா?"

"தீர்மானிக்க முடிஞ்சதுக்கு ஒன்றே இருக்குய்யா. இல்லைன்னு சொல்லவும் வழி இருக்கு. தீர்மானிக்கவே முடியாததுக்குத்தான் எதுவுமில்ல. இல்லாததாலதான் நாங்க கச்சானையும் சோளகத்தையும் கட்டி ஆளுங்களக் கடல்ல தள்ளப்பாத்தோம். இல்லாததாலதான் அக்கா தனக்கே பொய்யின்னு தெரிஞ்சதக் கட்டி வச்சிருக்காங்க." அவள் நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "போலும் நூல் எதையும் சுமக்கக் கூடாது. இந்த முனையில பெய்யிற மழை அந்த முனைக்குப் போகக் கூடாது. காத்தத் திருப்பக் கூடாது. சங்கிலியாவும் ஆகக் கூடாது. இது அது போலும், அது இன்னொண்ணு போலும்னா, இது அந்த இன்னொண்ணுன்னு யாரும் சொல்லிரக் கூடாது. ரெண்டு முனையும் ரெண்டாவே இருக்கணும். அப்படி எழுதுங்க."

பேராசிரியர் எழுதிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணையும் சுமக்காத நூலுன்னா, அதுனால என்னம்மா பிரயோசனம்?"

"பிடிச்சுக்கலாம்யா" என்றாள் வியாகுலம்.

அவர் எழுதி முடித்தார். விதியை வாசித்தார். ஓம் என்றது ஒரு கரை, ஆமாம் என்றது மறு கரை. மங்களேஸ்வரி தன் ஒன்றே முடிச்சுக்கு இல்லை என்று சொன்னாள், கல்லறையும் தம்பியும் போலும் என்று மறுபடி சொன்னாள். வியாகுலம் கல்லறையும் கஸ்பாரும் போலும் என்று சொன்னாள். அவள் வீடு திரும்பியபோது முற்றத்து நூல் அந்த ஒரு முழத்தையும் கடந்து, துடுப்பின் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது.

சவேரியம்மாள் வாசலை மறித்து நின்றாள். "என்னடி சொன்ன?"

"போலும்னு சொன்னேன் மாமி."

"அப்புடின்னா? வந்தாலும் வந்துருவான்னா?"

"ஆமா மாமி. வரமாட்டாருன்னும்தான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கிழவி நூலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியவள், மற்றதையும் யாரோ கையில் வைத்த மாதிரி கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு வழியை விட்டு விலகி நின்றாள்.

அந்த வாரம் மங்களேஸ்வரி போன் செய்தாள். "நேற்று பூவரசடியில நல்ல மழை தங்கச்சி. வீட்டுக்கு வந்து பாத்தன். சைக்கிள் நனையேல்லை" என்றாள். "காய்ஞ்சு போயிருக்கிறதைப் பாக்க மனசு ஒருமாதிரிப் போச்சு. ஆனா இனி எண்ணெய் போட்டு வைக்கலாம். துரு பிடிச்சிட்டுது." வியாகுலம், "போடுங்கக்கா" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

வரைமுறை இணையத்தில் வெளியானது. பெயர் தெரியாத எந்தெந்தக் கரைகளோ எடுத்துக்கொண்டன. கோரைமுனை முழுக்கப் போலும் நூல்கள் வந்தன. காணாமல் போனவர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் வந்தன, இத்தனை வீடுகளா என்று ஊரே பார்த்துப் பெருமூச்சு விட்டது. அவற்றிலும் யாரும் துணி காயப்போடவில்லை. பங்குச்சாமிதான் திண்டாடினார். போலும் என்பதற்குச் சாவுப் பூசை வைக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. கடைசியில் கல்லறைத் திருநாளன்று, இறந்தவர்கள் எல்லாருக்குமான பூசையில் மற்றப் பெயர்களை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, கஸ்பாரின் பெயரைத் தனியாக, மெதுவாக வாசித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பூசை முடிந்து பெண்கள் வீடு திரும்பிய சற்று நேரத்தில் இன்னாசி வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு நல்ல பாறை மீன். அவனுக்கு வழக்கம் என்ன என்று தெரியவில்லை. பெயர் வாசித்தாகிவிட்டது, ஆனால் சாவுப் பூசை என்று சொல்லவில்லை. கொடுப்பதா, கொண்டுபோவதா. "அம்மா..." என்று இழுத்தான். கஸ்பாரு மீனு என்று சொல்ல வாய் வரவில்லை.

சவேரியம்மாள் எழுந்து வந்து மீனை வாங்கிக்கொண்டாள். உப்புப் பானைக்குப் போகவில்லை. அடுப்படிக்குப் போய்ச் செதில் உரசினாள், துண்டு போட்டாள், புளி கரைத்தாள். "நில்லு இன்னாசி, சாப்புட்டுப் போகலாம்" என்று உள்ளிருந்தே சொன்னாள். இன்னாசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

வியாகுலம் முற்றத்தில் துடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நூல் சும்மா இருந்தது. மத்தியானம் அது மெல்ல நடுங்க ஆரம்பித்தது, காற்று ஒன்றும் இல்லை. அவள் கையை வைத்துப் பிடித்தாள். பூவரசடியில் மங்களேஸ்வரி வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பிக்கு எப்போதும் வைக்கிற அகல் விளக்கோடு, இன்றைக்குக் கஸ்பாருக்கு ஒரு மெழுகுவத்தியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். நூல் வெளிச்சத்தைக் கொண்டுவரவில்லை, சூட்டைக் கொண்டுவரவில்லை, அங்கே அழுகிற சத்தத்தைக்கூடக் கொண்டுவரவில்லை. ஒருத்தி அந்த முனையில் நிற்கிறாள் என்பதை மட்டும் சொன்னது. வியாகுலம் அப்போதுதான் அழுதாள், கஸ்பாருக்காக, வாய்விட்டு, அவன் போன அந்தக் கார்த்திகையில் அழவேண்டியதை எல்லாம் அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

நூல் நடுங்கி ஓயும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று தட்டுப் போட்டிருந்தது. அந்த வீட்டில் கஸ்பாரின் கறிமீனை அன்றைக்குத்தான் சாப்பிட்டார்கள்.